தள்ளாடுகிறவருக்கு இன்னொரு பீர்: இரவு விடுதிகளில் நடந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஸ்டாக்ஹோமில் ஒரு பார். இரவு பத்து மணிக்கு மேல் ஆகிறது. உள்ளே வரும் இளைஞருக்குக் கால் நிலைகொள்ளவில்லை. கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நாக்குக் குழற ஒரு பீர் கேட்கிறார். கேட்டதையே மறுபடியும் கேட்கிறார். சற்றுத் தள்ளி ஒரு மேஜையில் சிலர், எதையும் கவனிக்காதவர்கள் போல உட்கார்ந்து, எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த இளைஞர் அன்றைக்கு ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. அவர் நடிகர். மேஜையில் இருப்பவர்கள் ஆய்வுக் குழுவினர்.

பார்த்தாலே தெரியும் அளவுக்குப் போதையில் இருப்பவருக்கு மேற்கொண்டு மது ஊற்றக்கூடாது என்பது ஸ்வீடனில் சட்டம். வேறு பல நாடுகளிலும் இதே சட்டம் உண்டு. புத்தகத்தில் இருக்கிறது, சரி, கவுன்டரில் இருக்கிறதா? அதைப் பார்க்கத்தான் இந்த நாடகம். 1996-ல் பார்த்தபோது, நடிகருக்கு மறுப்புச் சொன்ன சந்தர்ப்பங்கள் 100-க்கு 5 மட்டுமே. மீதி இடங்களில் கேட்ட பீர் கேட்டபடி வந்துவிட்டது.

இதை ஸ்வீடனின் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2013-ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் இதே மாதிரி நடிகர்களை அனுப்பிப் பார்த்தபோது ஏறக்குறைய 84 சதவீத இடங்களில் மது கிடைத்தது. கவுன்டரில் நிற்பவரின் நிலைமையை யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம் போய்விடும். எதிரே முப்பது பேர் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டுச் சத்தத்தில் என்ன கேட்கிறார்கள் என்பதே பாதிதான் காதில் விழுகிறது. 'உனக்குப் போதும்' என்று சொன்னால் சண்டை வரலாம், டிப்ஸ் போய்விடும், முதலாளியும் முகம் சுளிப்பார். ஊற்றிக் கொடுத்தால் ஐந்து விநாடியில் ஆள் நகர்ந்துவிடுவார். எந்தப் பக்கம் கை போகும்?

ஸ்டாக்ஹோமில் அடுத்து நடந்ததுதான் இந்தத் துறையில் இன்றுவரை அதிகம் மேற்கோள் காட்டப்படும் கதை. ஸ்டாட் என்ற பெயரில் பத்தாண்டுத் திட்டம் ஒன்று தொடங்கியது. காவல்துறை, மது உரிமம் வழங்கும் வாரியம், சுகாதாரத்துறை, விடுதி உரிமையாளர்களின் சங்கம், ஊழியர்களின் தொழிற்சங்கம் என்று எல்லோரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தார்கள். பார் ஊழியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி: சட்டம் என்ன, மது உடம்பில் என்ன செய்யும், கோபப்படுகிறவரைத் தணிப்பது எப்படி. மூன்றாவதாக, சட்டத்தை மீறும் விடுதிகளைக் கண்காணிப்பதும் அவற்றுக்கு வாரியத்திலிருந்து கடிதம் போவதும் வழக்கமாயின. மறுப்புச் சொன்ன சந்தர்ப்பங்கள் 1999-ல் 47 சதவீதம் ஆயின. 2001-ல் 70 சதவீதம். திட்டம் நடந்த பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பதிவான வன்முறைக் குற்றங்கள், ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட பகுதியோடு பார்க்கும்போது, 29 சதவீதம் குறைந்தன. செலவழித்த ஒவ்வொரு குரோனாவுக்கும் (ஸ்வீடன் நாணயம்) சுமார் 39 குரோனா மிச்சமானது என்று பின்னால் ஒரு கணக்கும் வந்தது. இந்த மாதிரிக் கணக்குகளில் ஊகம் நிறைய இருக்கும் என்பதால் அந்த 39-ஐ நான் அப்படியே பிடித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் லாபமா நஷ்டமா என்ற கேள்விக்குப் பதில் தெளிவு.

இந்தக் கதையைக் கேட்ட பலரும் எடுத்துக்கொண்ட பாடம், 'ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் போதும்' என்பது. அங்கேதான் சறுக்கல். பயிற்சி மலிவு, யாருக்கும் வலிக்காது, சான்றிதழோடு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். மதுத் தொழிலுக்கும் அது பிடிக்கும். ஆனால் மது பரிமாறும் இடங்களில் செய்யப்பட்ட முயற்சிகளை 2008-ல் தொகுத்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வு, அவை காயங்களைத் தடுக்கின்றன என்று சொல்ல நம்பகமான ஆதாரம் இல்லை என்றே முடித்தது. விருப்பப்பட்டால் வரலாம் என்ற வகைப் பயிற்சிகள் ஊழியர்களின் அறிவைக் கூட்டுகின்றன. கவுன்டரில் கை அசைவதை மாற்றுவதில்லை. ஸ்டாக்ஹோமில் மாறியதற்குக் காரணம், பயிற்சிக்குப் பின்னால் ஒரு கடிதம் வரும், கடிதத்துக்குப் பின்னால் உரிமம் போகும் என்பது முதலாளிக்குத் தெரிந்திருந்ததுதான்.

கண்காணிப்பு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் சர்ஃபர்ஸ் பாரடைஸ் நல்ல சாட்சி. கடற்கரையை ஒட்டிய கேளிக்கைப் பகுதி அது. 1993-ல் ராஸ் ஹோமல் என்ற ஆய்வாளரின் குழு அங்கே விடுதிக்காரர்களோடு சேர்ந்து நடத்தை விதிகளை உருவாக்கியது. விடுதிக்குள் ஆட்களை உட்கார வைத்து அடிதடிகளை எண்ணினார்கள். 100 மணி நேரக் கவனிப்புக்கு 9.8 ஆக இருந்த தாக்குதல்கள் 1994-ல் 4.7 ஆகக் குறைந்தன. பாதிக்கும் கீழே! ஆய்வுக் குழு கிளம்பிவிட்டது, விதிகளைக் காப்பது விடுதிகளின் நல்லெண்ணத்தின் பொறுப்பானது. 1996-ல் மறுபடி எண்ணினால் 8.3. பக்கத்து விடுதி மலிவு விலையில் ஊற்றத் தொடங்கியதும் ஒவ்வொருவராக விதியைக் கைவிட்டார்கள்.

சரி, மனிதர்களை விட்டுவிட்டு இடத்தைப் பார்ப்போம். கனடாவில் கேத்ரின் கிரஹாம் பல ஆண்டுகள் பார்களில் உட்கார்ந்து சண்டைகள் எங்கே, எப்படித் தொடங்குகின்றன என்று பதிவு செய்தவர். டொராண்டோவில் மட்டும் 100-க்கும் மேற்பட்ட பெரிய பார்களை அவரது குழு கவனித்தது. முன்விரோதம், பெண் விவகாரம் என்று நாம் நினைக்கும் காரணங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டவை ரொம்பச் சாதாரண சமாச்சாரங்கள்: நடன மேடைக்குப் போகும் வழியும் கழிவறைக்குப் போகும் வழியும் ஒன்றையொன்று வெட்டும் இடம், கவுன்டரில் கிளாஸோடு திரும்புகிறவர் மேல் மோதுகிற கூட்டம், ஒரே வாசலில் எல்லோரையும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளும் கடைசி அரை மணி. தோள் உரசுகிறது, பீர் சட்டையில் கொட்டுகிறது. நிதானத்தில் இருந்தால் 'பரவாயில்லை' என்று போகிற விஷயம் அது. போதையில் இருப்பவர் அதை வேண்டுமென்றே செய்ததாக எடுத்துக்கொள்கிறார். வழியை மாற்றினால் உரசல் குறையும்; உரசல் குறைந்தால் சண்டைக்கு வாய்ப்பும் குறையும்.

சத்தத்துக்கும் பங்கு உண்டு. பிரான்சில் நிகோலா கேகன் குழு 2008-ல் வெளியிட்ட ஒரு சிறிய சோதனை: இரண்டு பார்கள், 40 ஆண்கள், பாட்டின் சத்தம் ஒரு சமயம் 72 டெசிபல், இன்னொரு சமயம் 88. சத்தம் கூடியபோது ஒரு கிளாஸ் பீரைக் காலி செய்ய ஆன நேரம் சராசரியாக 14 நிமிடத்துக்கு மேலிருந்து 11 நிமிடத்துக்கு வந்தது; குடித்த கிளாஸ்கள் 2.6-இலிருந்து 3.4-க்கு ஏறின. பேச முடியாவிட்டால் வாய்க்கு வேறு வேலை வேண்டுமே. 40 பேரை வைத்து உலகத்தை அளக்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் விடுதியின் கையில் இருக்கிறது, குடிப்பவர் கையில் இல்லை.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒரு தோல்வி. பார் சண்டையில் உடைந்த கிளாஸால் முகம் கிழிந்து வருபவர்களைத் தைத்துத் தைத்து அலுத்துப்போன வாய்–தாடை அறுவை மருத்துவர் ஜோனதன் ஷெப்பர்ட். வேல்ஸின் கார்டிஃப் நகரில் பணியாற்றியவர். சாதாரண கிளாஸுக்குப் பதில், உடைந்தாலும் கத்தி போல நீளமான துண்டாகாமல் பொடியாக நொறுங்கும் கடினமாக்கப்பட்ட கிளாஸைக் கொடுத்தால் என்ன? யோசனை கேட்கவே நியாயமாக இருக்கிறது. 57 பார்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள், முடிவு 2000-ல் வெளியானது. புதிய கிளாஸ் கொடுத்த பார்களில் ஊழியர்களின் காயங்கள் கூடியிருந்தன. விசாரித்தால், சந்தைக்கு வந்திருந்த அந்தக் கிளாஸ்கள் மோதலைத் தாங்குவதில் சாதாரணக் கிளாஸைவிடப் பலவீனமானவை. எடுத்து அடுக்கும்போதே உடைந்தன. கடினமாக்கியது என்று பெட்டியில் அச்சடித்திருந்தது, அவ்வளவுதான். சோதிக்காமல் நாடு முழுக்க மாற்றியிருந்தால் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். பிறகு சில ஊர்களில் கண்ணாடியே வேண்டாம் என்று உடையாத பாலிகார்பனேட் பிளாஸ்டிக் கிளாஸுக்குப் போனார்கள்.

அதே ஷெப்பர்ட் இன்னொன்றைக் கவனித்தார். தன்னிடம் தையல் போட வருகிறவர்களில் பெரும்பகுதியினர் போலீசுக்குப் போவதே இல்லை. அடித்தவன் மீது பயம், நாமும் குடித்திருந்தோமே என்ற கூச்சம், போனால் என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு. எந்த பாரில், எந்த மணிக்கு, எதை வைத்து அடி விழுந்தது என்பது மருத்துவமனைக்குத்தான் தெரிகிறது. அவசரப் பிரிவின் வரவேற்பு மேஜையில் இரண்டு மூன்று கேள்விகளைக் கூடுதலாகக் கேட்க வைத்தார். பெயரை நீக்கிவிட்டு அந்தத் தகவல் மாதாமாதம் காவல்துறைக்கும் நகராட்சிக்கும் போனது. எந்தத் தெருமுனையில் ரோந்து நிற்க வேண்டும், எந்த விடுதியின் உரிமத்தைக் கிளற வேண்டும் என்பது தெரிந்தது. ஒத்த 14 நகரங்களோடு ஒப்பிட்டு 2011-ல் வெளியான மதிப்பீட்டின்படி, வன்முறைக் காயத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்படுவது கார்டிஃபில் 42 சதவீதம் குறைவு. பல நாடுகள் இதைக் 'கார்டிஃப் முறை' என்றே எடுத்துக்கொண்டன. பெரிய கருவி ஒன்றும் இல்லை. வரவேற்பாளர் கேட்கும் கேள்விதான்.

அப்புறம், கடிகாரம். விடுதி எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்ற கேள்விதான் எல்லா ஊரிலும் அதிகச் சண்டையைக் கிளப்புகிறது, ஆதாரமும் அதில்தான் கெட்டியாக இருக்கிறது. நார்வேயில் 18 நகரங்கள் 2000-க்கும் 2010-க்கும் இடையில் மூடும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தன. ஒரு மணி நேரம் கூட்டினால் இரவு வன்முறை சுமார் 16 சதவீதம் கூடியது. குறைத்தபோது அதேபோலக் குறைந்தது. ஆம்ஸ்டர்டாமில் 2009-ல் ஐந்து கேளிக்கைப் பகுதிகளில் இரண்டுக்கு மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தார்கள். அங்கே இரவில் மது தொடர்பான காயங்களுக்காக ஆம்புலன்ஸ் ஓடியது 34 சதவீதம் அதிகம். பிரேசிலின் டியாடெமா நகரில் மதுக்கடைகள் பலவும் விடிய விடியத் திறந்திருந்தன. 2002 ஜூலையிலிருந்து இரவு 11 மணிக்கு மூட வைத்தார்கள். மாதத்துக்கு ஏறக்குறைய 9 கொலைகள் குறைந்ததாக ஆய்வு சொல்கிறது. காயங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாம் இங்கே கொலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

சிட்னியின் அனுபவம் கொஞ்சம் சிக்கல். 2014 பிப்ரவரியில் கிங்ஸ் கிராஸ் என்ற கேளிக்கைப் பகுதியிலும் மத்திய வணிகப் பகுதியிலும் இரவு 1.30-க்குப் பிறகு புதிதாக யாரையும் உள்ளே விடக்கூடாது, 3 மணிக்குக் கடைசி ஊற்றல் என்று விதி வந்தது. முதல் அறிக்கை கிங்ஸ் கிராஸில் தாக்குதல்கள் 32 சதவீதம் குறைந்ததாகவும், பக்கத்து ஊர்களுக்குப் பிரச்சினை நகர்ந்ததாகத் தெரியவில்லை என்றும் சொன்னது. 2017-ல் நீண்ட காலத் தரவோடு மறுபடி பார்த்தபோது கிங்ஸ் கிராஸில் 49 சதவீதக் குறைவு; ஆனால் ஒட்டியிருந்த பகுதிகளில் 12 சதவீதமும், எளிதில் போய்ச் சேரக்கூடிய சற்றுத் தொலைவான பகுதிகளில் 17 சதவீதமும் கூடியிருந்தது. கூட்டம் புது இடத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச காலம் எடுத்துக்கொண்டது. இசைக்கலைஞர்களும் விடுதிக்காரர்களும் தெருவில் இறங்கிப் போராடினார்கள்; அவர்கள் பிழைப்பும் உண்மையான பிழைப்புதான். மத்திய வணிகப் பகுதியில் நுழைவுத் தடை 2020-லும் கிங்ஸ் கிராஸில் 2021-லும் விலக்கப்பட்டது. எத்தனை காயத்துக்கு எத்தனை இரவு வாழ்க்கை என்ற பேரத்தை ஆய்வாளர் முடிவு செய்ய முடியாது. எண்களை மேஜையில் வைக்கலாம்.

விடுதியை மட்டும் இறுக்கினால் தப்பித்துப் போகிற ஒன்று, வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்புவது. கடையில் வாங்கும் பாட்டில் விடுதியைவிட மலிவு என்றால் யார்தான் செய்யமாட்டார்கள்? இங்கிலாந்தின் ஒரு நகரில் 2008-ல் வெளியான ஆய்வில், இப்படி முன்கூட்டியே குடித்துவிட்டு வருகிறவர்கள் கடந்த ஓராண்டில் இரவுக் கேளிக்கைப் பகுதியில் சண்டையில் சிக்கியிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு அதிகம் என்று தெரிந்தது. வாசலில் நிற்கும் பவுன்சரிடம்தான் இந்தக் கணக்கு வந்து விழுகிறது.

போதைப்பொருள் விஷயம் வேறு தர்க்கத்தில் ஓடுகிறது. மதுவில் பாட்டில் மேல் அளவு எழுதியிருக்கும். மாத்திரையில் எதுவும் எழுதியிருக்காது, விற்கிறவனுக்கே தெரியாது. நியூயார்க்கில் மின்னணு நடன இசை விருந்துகளுக்குப் போகிறவர்களிடம் தலைமுடி வாங்கிச் சோதித்த ஆய்வு 2016-ல் வந்தது. 'பாத் சால்ட்ஸ்' போன்ற புதுவகைப் போதைப்பொருள் எதையும் வாழ்க்கையில் தொட்டதில்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னவர்களில் 10-க்கு 4 பேரின் முடியில் அவை இருந்தன. அவர்கள் பொய் சொல்லவில்லை. எக்ஸ்டசி என்ற போதை மாத்திரை என்று நினைத்து எதையோ விழுங்கியிருந்தார்கள்.

இதற்கு நெதர்லாந்து 1992-லேயே ஒரு வழி பிடித்தது: கொண்டு வந்து கொடுங்கள், என்ன இருக்கிறது என்று சோதித்துச் சொல்கிறோம். அதன் பலன் ஒரு கொடூரமான ஒப்பீட்டில் தெரிந்தது. 2014 டிசம்பரில் சூப்பர்மேன் முத்திரை பதித்த இளஞ்சிவப்பு மாத்திரை ஒன்று டச்சு சோதனைச் சாலைக்கு வந்தது. உள்ளே எக்ஸ்டசியின் உண்மையான பொருளான எம்டிஎம்ஏ இல்லை. அதற்குப் பதில் பிஎம்எம்ஏ என்ற வேறொரு போதைப்பொருள். இது மெதுவாக ஏறும். ஒன்று போட்டவர் 'ஒன்றும் ஆகவில்லையே' என்று இன்னொன்றைப் போடுவார். இரண்டும் சேர்ந்து ஏறும்போது உடல் வெப்பம் கட்டுக்கு அடங்காது. நெதர்லாந்தில் நாடு முழுக்க எச்சரிக்கை போனது. அதே மாத்திரை பிரிட்டனுக்கும் போயிருந்தது. அங்கே அப்போது இப்படி நாடு தழுவிய ஏற்பாடு இல்லை. அந்தப் புத்தாண்டையொட்டி நான்கு பேர் இறந்தார்கள்.

2016 ஜூலையில் இங்கிலாந்தின் ஒரு இசை விழாவில் ஃபியோனா மெஷாம் தலைமையில் தி லூப் என்ற அமைப்பு கூடாரம் போட்டது. வருகிறவர் துளிப் பொடியைக் கொடுத்துவிட்டுப் போவார். கூடாரத்துக்குள் இருக்கும் வேதியியலாளர்கள் சோதிப்பார்கள். முடிவைக் காகிதத்தில் எழுதி ஒட்டிவிட மாட்டார்கள். அவர் திரும்பி வந்து ஒரு சுகாதாரப் பணியாளரோடு உட்கார வேண்டும்: என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், இதயக் கோளாறு உண்டா, இதோடு மதுவும் குடிக்கப்போகிறீர்களா? 'இது பாதுகாப்பானது' என்று யாரும் சொல்லமாட்டார்கள். அப்படி ஒரு வாக்கியமே அங்கே கிடையாது. வந்தவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, சொல்லி விற்ற பொருளே அல்ல. மலேரியா மருந்து இருந்தது, காங்கிரீட் கூட இருந்தது. ஏமாந்தது தெரிந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அங்கேயே கொடுத்துவிட்டுப் போனார்கள். நியூசிலாந்து 2021-ல் இந்தச் சோதனைக்கென்றே நிரந்தரச் சட்டம் கொண்டுவந்தது.

எதிர்ப்பவர்கள் கேட்பது அர்த்தமில்லாத கேள்வி அல்ல: இது மறைமுக அனுமதி ஆகாதா? கூடாரத்துக்கு வருகிறவர் ஏற்கெனவே பையில் வைத்திருக்கிறார் என்பது அதற்கு வழக்கமான பதில். ஆனால் ஆதாரத்தில் ஓட்டை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆட்கள் என்ன செய்வதாகச் சொன்னார்கள், எதைக் குப்பையில் போட்டார்கள் என்பதை அளக்கின்றன. மரணம் குறைந்தது என்று குலுக்கல் முறையில் நிரூபித்த சோதனை எதுவும் இல்லை, நடத்துவதும் சுலபமல்ல. வருகிறவர்கள் ஏற்கெனவே எச்சரிக்கை உள்ளவர்கள் என்ற சந்தேகமும் நியாயமே.

போதைப்பொருளைப் பிடிக்க விழாக்களில் போலீஸ் நிறுத்தும் மோப்ப நாய்களுக்கு இந்த அளவு ஆதாரம்கூடக் கிடையாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில இசை விழாக்களில் இறந்த ஆறு இளைஞர்களைப் பற்றி 2019-ல் விசாரித்த துணை மாநில மரண விசாரணை அதிகாரி ஹேரியட் கிரஹாம், நாயைப் பார்த்த பயத்தில் கையிலிருப்பதை மொத்தமாக விழுங்கும் ஆபத்தைச் சுட்டிக்காட்டி, விழாக்களில் நாய்களை நிறுத்தவும் மாத்திரைச் சோதனையைத் தொடங்கவும் பரிந்துரைத்தார்.

அறிவுரையும் சில சமயம் ஆளைச் சாய்க்கும். 1990-களின் தொடக்கத்தில் சில பிரிட்டிஷ் கிளப்புகள் கழிவறைக் குழாயை அடைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டில் விற்றன. எக்ஸ்டசி போட்டு மணிக்கணக்கில் ஆடுகிறவர் உடல் கொதித்து விழுந்தார். 1992-ல் மான்செஸ்டர் நகரம் குளிர்ந்த குடிநீர், காற்றோட்டம், உட்கார்ந்து ஆற ஓர் அறை என்று கிளப்புகளுக்கு விதி எழுதியது. 'தண்ணீர் குடியுங்கள்' என்ற செய்தி ஊரெல்லாம் பரவியது. 1995-ல் 18 வயதுப் பெண் ஒருவர் மாத்திரை போட்ட பிறகு ஒன்றரை மணி நேரத்துக்குள் சுமார் 7 லிட்டர் தண்ணீர் குடித்து, இரத்தத்தில் உப்பு சரிந்து, மூளை வீங்கி இறந்தார். எம்டிஎம்ஏ சிறுநீரை அடக்கும் ஹார்மோனைத் தூண்டுகிறது. உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. அதன் பிறகுதான் செய்தியில் அளவு சேர்ந்தது: ஆடிக்கொண்டிருந்தால் மணிக்கு அரை லிட்டர், மடக்கு மடக்காக, சும்மா இருந்தால் அதில் பாதி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மது விடுதிகள் குடிநீரை இலவசமாகக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற விதி வந்தது 2010-ல்.

மறுபடி ஸ்டாக்ஹோமுக்கு வருவோம், ஏனென்றால் அவர்கள் நிறுத்தவில்லை. 2001-லிருந்து போதைப்பொருளுக்கும் அதே முறையைக் கையில் எடுத்தார்கள். இந்த முறை நடிகர்கள் கொக்கைன் ஏறியவர்கள் போல, அலைபாயும் கண்ணும் படபடப்புமாக, வாசலில் நிற்கும் பவுன்சரைக் கடந்து போகப் பார்த்தார்கள். 2003-ல் பவுன்சர்கள் குறுக்கிட்டது 7.5 சதவீதச் சந்தர்ப்பங்களில். அடுத்த ஆண்டு 27. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2016-ல், புது நடிகர்கள், புதுப் பவுன்சர்கள், அதே வாசல் சோதனை: 65 சதவீதத்துக்கும் சற்று மேல்.